பாண் பாட்டுப் போடும் லொறி

பாண்காரனின் பாட்டைக் கேட்டு என் மகள் நுஹா கேற்றைத் திறந்துகொண்டு ஓடினாள். ஒழுங்கைக்குள் பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோ இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஆமி லொறி வந்துகொண்டிருந்தது. நான் யன்னலோரம் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்து அபாயா தைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சைப் பெட்டியின் பின்பலகை நுஹாவின் தலைக்கு மேலாக வருவதையும், அவள் கையில் இருபது ரூபாய்த் தாளோடு அண்ணாந்து பாட்டைத் தேடுவதையும் கண்டேன். எப்படி வெளியே வந்தேன் என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்த கத்தரிக்கோலால் லொறியின் தகட்டில் ஓங்கி அடித்தேன், அடித்த கையோடு அவளை இழுத்தெடுத்தேன். கத்தரிக்கோலின் முனை வளைந்துபோனது. லொறி நின்றது. பாட்டு நிற்கவில்லை.

"ஆரு லொறிக்கு அடிச்ச?" என்று கேட்டபடி ட்ரைவர் குதித்தான். என் தம்பி ஜெமீல். என்னைக் கண்டான், என் இடுப்பில் இருந்த பிள்ளையைக் கண்டான், முகம் வெளிறியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"என்ன ராத்தா நீ, புள்ளய றோட்டுல உட்டுட்டு உள்ளுக்கு என்ன செய்த?"

"உன்ட லொறி பாண் விக்குதாடா?"

"நானா அந்தப் பாட்டப் போட்ட? என்னோட ஏன் பாயிற?"

வேறு யாரோடு பாய்வது? பாய்வதற்குப் பக்கத்தில் இருந்தவன் அவன்தான். அதுவும் லேசில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். அவன் கட்டாரில் வெயிலில் நின்று உழைத்த காசில்தான் என் வீட்டுச் சுவர் எழும்பியது. அது முடிந்தபிறகு கலியாணம் முடித்து, நிந்தவூரில் மனைவி வீட்டுக்குப் போனான். அந்தச் சுவருக்கும் அவனுடைய லொறிக்கும் நடுவில்தான் என் பிள்ளை நின்றாள். நன்றிக்கும் ஆத்திரத்துக்கும் ஒரே ஆள்தான். நான் கேற்றை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போனேன். போய் நுஹாவின் காலில் இரண்டு அடி போட்டேன். அடித்துவிட்டு அவளைவிடக் கூட அழுதேன்.

லொறியின் கதை ஊருக்கே தெரியும். சாய்ந்தமருதில் கடல் கரையைத் தின்றுகொண்டு வருகிறது, அதற்குக் கல் கொட்டுகிறார்கள். கல் ஏற்றிக் கொட்டுகிற கொந்தறாத்து வேலை ஹாதிக் ஹாஜியாருக்குக் கிடைத்தது. ஆமி ஏலத்தில் விட்ட பெரிய லொறியை வாங்கி, முன்பக்கத்துக்கு மட்டும் நீலம் பூசி, ஓட்ட ஜெமீலைப் போட்டார். பெட்டி இன்னும் பச்சைதான். எங்கள் ஒழுங்கை கடற்கரையில் முடிகிறது, அங்கே அதைத் திருப்ப இடமில்லை. அதனால் மெயின் றோட்டிலிருந்தே பின்பக்கமாக வரவேண்டும். இரண்டு பக்கமும் மதிலுக்கு ஒரு ஆள் சரிந்து போகிற இடைவெளிதான். கண்ணாடியில் பார்த்தால் மதில் தெரியும், மதில் மட்டும்தான் தெரியும். பின்பலகைக்குக் கீழே நிற்கிற சின்னப் பிள்ளையை எந்தக் கண்ணாடியும் காட்டாது. காட்டுக்கும் சேற்றுக்கும் செய்த வண்டியை, ஓதப்பள்ளிப் பிள்ளைகளும் மீன் வாங்கப் போகிற பொம்பிளைகளும் நடக்கிற ஒழுங்கைக்குள் கொண்டுவந்து விட்டால் வேறென்ன நடக்கும்?

முதலில், றிவர்ஸ் கியரில் போட்டால் ஆளைத் தூக்கி எழுப்புகிற ஒரு சத்தம் அதிலிருந்து வரும். தொழுகைக்கு இடைஞ்சல், பிள்ளை நித்திரை கொள்கிறதில்லை என்று நாலு பேர் முறைப்பட்டார்கள். ஹாஜியார் நல்ல மனுசன் என்று பெயர் எடுக்க ஆசைப்பட்டவர். கல்முனை பசாரில் தேடி, காதுக்கு இதமான ஒரு பாட்டை வாங்கிப் பூட்டினார். வாங்கும்போது அவருடைய காது எங்கே போனதோ தெரியவில்லை. இந்த நாட்டில் எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் அந்தப் பாட்டு என்னவென்று சொல்லும். பாண் வருகிறது, மீன் வைத்த மாலு பணிஸ் வருகிறது, காசை எடுத்துக்கொண்டு ஓடு. பிறகு, "பாட்டுத்தான் இருக்கே, ஆள் என்னத்துக்கு?" என்று, பின்னால் நடந்து வழி காட்டிய கிளீனரையும் வேலையிலிருந்து நிற்பாட்டினார்.

இப்போது அந்த லொறி வருகிறபோது எங்கள் ஒழுங்கையைப் பார்க்கவேண்டும். சண்டைக் காலத்தில் அந்தப் பச்சையைக் கண்டால் கதவைச் சாத்திப் பழகிய வயதானவர்கள் இன்றைக்கும் உள்ளே போகிறார்கள். என் உம்மா யன்னலையும் சாத்துவா. சின்னதுகள் வெளியே ஓடி வருகின்றன. பயப்படத் தேவையில்லாதவர்கள் ஒளிக்கிறார்கள், பயப்பட வேண்டியவர்கள் அதற்குப் பின்னால் வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள்.

பின்னேரம் ஜெமீல் வந்தான். தேத்தண்ணியை வைத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் சொன்னன் ராத்தா. ஹாஜியாருக்கு ரெண்டு தரம் சொன்னன். சிரிக்கிறார்."

"கழட்டி எறிடா."

"கழட்டினா சத்தமே இல்லாம வரும். அது இன்னும் பொல்லாத. பழைய சத்தத்தப் போடோணும், பின்னுக்கு ஒரு ஆள் நடக்கோணும். அவ்வளவுதான்."

"அப்ப ஆள் இல்லாம எடுக்க ஏலாண்டு சொல்லு."

கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். "நான் எடுக்காட்டி வேற ஒருத்தன் எடுப்பான். அவனுக்கு உன்ட கத்தரிக்கோல் கேக்குமா?"

கோப்பையைப் பறித்தெடுத்துக் கழுவப் போனேன். சொல்ல ஆளில்லாத கோபம் பொல்லாதது. நான் அதை வைத்துக்கொண்டே படுத்தேன், அதை வைத்துக்கொண்டே எழும்பினேன்.

அடுத்த நாள் லொறி மெயின் றோட்டில் வந்து நின்ற சத்தம் கேட்டதும், வீட்டிலிருந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் ஒழுங்கையின் நட்ட நடுவில் போட்டு அதில் குந்தினேன். எங்கள் வீடு தொடக்கத்திலிருந்து மூன்றாவது. நேற்றிலிருந்து ஜெமீல் கொஞ்சம் எடுப்பதும், இறங்கிப் பார்ப்பதும், திரும்ப எடுப்பதுமாகத்தான் வருகிறான். மூன்றாம் தரம் இறங்கியபோது என்னைக் கண்டான்.

"எழும்பு ராத்தா. ஆக்கள் பாக்குறாங்க."

"பாக்கட்டும். வேணுமெண்டா எனக்கு மேலால எடு."

அவன் போனில் கதைத்தான். ஹாஜியார் மோட்டர் சைக்கிளில் வந்தார். லொறிக்கும் மதிலுக்கும் நடுவால் சரிந்து சரிந்து வந்ததில் வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் கிறீஸ் பூசுப்பட்டது. அதைக் கண்டு எனக்கு உள்ளுக்குள் சந்தோசம், பொய் சொல்ல மாட்டேன்.

"சுல்பிகா, இது நல்லா இல்ல," என்றார். "ஊருக்குத்தானே கல்லுக் கொட்டுறம்? கடல் வந்தா முதலாவது உங்கட வீடுகள்தான் போகும்."

"கடல் வாற எப்படியெண்டு எங்களுக்குத் தெரியும் ஹாஜியார். அது பாண் பாட்டுப் பாடிக்கொண்டு வரல்ல."

பக்கத்து வளவில் சபூறா மச்சி மதிலுக்கு மேலால் சிரித்தா. ஹாஜியாரின் முகம் மாறிப்போனது. என்னோடு கதைப்பதை விட்டுவிட்டு ஜெமீலைப் பார்த்தார்.

"ராத்தாவத் தூக்கி உள்ளுக்கு உடு. இல்லாட்டிச் சாவியத் தந்துட்டுப் போ."

ஜெமீலுக்கு இரண்டு பிள்ளைகள். மனைவிக்கு மூன்றாவது மாதம் நடக்கிறது. அவன் லொறியின் முன்பக்கம் போனான். கதவு அடிபட்டது. எஞ்சின் உறுமியது. கறுத்தப் புகை மதிலில் பட்டு என் முகத்துக்கு வந்தது. கதிரையின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தேன். அவன் வரமாட்டான் என்று நெஞ்சு சொன்னது, வந்தாலும் வருவான் என்று கால் சொன்னது. பாட்டுத் தொடங்கியது.

லொறி அசையவில்லை. எஞ்சின் நின்றது. பாட்டு மட்டும் நிற்காமல் பாடியது. ஜெமீல் திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் நின்று கையைக் கட்டினான்.

"பாருங்க ஹாஜியார்," என்றான். "கொஞ்சம் நிண்டு பாருங்க."

முதலில் எங்களுக்குப் பின்னால் ஒரு கேற் திறந்தது. பிறகு எதிர் வீட்டுக் கேற். குளித்துத் தலை துவட்டாத ஒன்று, ஒற்றைச் செருப்போடு ஒன்று, தொப்பியோடு ஓதப்பள்ளிக்குப் புறப்பட்ட இரண்டு. எல்லாருடைய கையிலும் காசு. என் கதிரையைச் சுற்றிக்கொண்டு வந்து பின்பலகைக்குக் கீழே கூடி அண்ணாந்தார்கள். சபூறா மச்சியின் பேரனும் நின்றான். மச்சியின் சிரிப்பைக் காணவில்லை. கடைசியாக வந்தவள் நுஹா. நேற்று அடி வாங்கிய கால் இன்னும் சிவந்திருந்தது. அந்தக் காலால்தான் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தாள். "உம்மா, பாண்," என்றாள்.

ஹாஜியார் பிள்ளைகளைப் பார்த்தார். பின்பலகையைப் பார்த்தார். "நிப்பாட்டு," என்றார் கடைசியில். "பாட்ட நிப்பாட்டு மகன்."

"நீங்க போட்ட பாட்டு. நீங்களே ஏறி நிப்பாட்டுங்க."

அந்த வார்த்தையை என் தம்பி சொன்னதில் எனக்கு உடம்பு புல்லரித்தது. இப்போது யோசித்தால் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஹாஜியார் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மதிலில் தேய்ந்து தேய்ந்து முன்பக்கம் போனார். அந்த மனுசன் லொறி வாங்கத் தெரிந்தவர், ஓட்டத் தெரிந்தவர் இல்லை.

அந்த நேரம் பார்த்து மெயின் றோட்டால் உண்மையான பாண் ஆட்டோ வந்தது. லொறிக்கு முன்னால் நின்று, அதே பாட்டைப் போட்டது. பிள்ளைகள் மேலே பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு கீழே பார்த்தார்கள். ஆமி லொறியின் வயிறு உயரம். அதற்குக் கீழால், அந்தப் பக்கத்தில், ஆட்டோவின் சின்னச் சக்கரங்கள் தெரிந்தன. பாணுக்கு அதுதான் நேர் வழி. பிள்ளைகளுக்கு அதற்குள் போகக் குனியவே தேவையில்லை. சபூறா மச்சியின் பேரன் முதலில் போனான். நுஹா என் சட்டையை விட்டாள்.

ஜெமீல் கத்தினான். அப்படி ஒரு சத்தம் அவனிடம் இருந்ததென்று எனக்குத் தெரியாது.

"ஹாஜியார்! சாவியத் தொடாதீங்க! றிவர்ஸ் கியர்ல கிடக்கு, திருப்பினா பின்னுக்குப் பாயும்! கைய வெளிய போடுங்க, ரெண்டு கையயும் வெளிய போடுங்க!"

கத்திக்கொண்டே நெஞ்சு தேயக் கீழே விழுந்து லொறிக்கு அடியில் புகுந்தான். நான் எழும்பினேன், கதிரை உருண்டது. மதிலோடு இருந்த இடைவெளியால் பார்த்தேன். உயரத்தில், யன்னலுக்கு வெளியே ஹாஜியாரின் இரண்டு கைகளும் வந்தன. வெள்ளைச் சட்டைக் கைகள், விரித்த விரல்கள். எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றன.

நான் முழங்காலில் இருந்து லொறிக்குக் கீழே பார்த்தேன். மச்சியின் பேரன் அந்தப் பக்கம் ஆட்டோவடியில் போய் நின்றான். சக்கரங்களுக்கு நடுவில் ஜெமீலின் கை நுஹாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, இருபது ரூபாயை நீட்டிக்கொண்டு முன்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.