பாவ அறிக்கை

சுடர்விழி இறந்த பத்தாம் நாள் பாக்கியநாதன் அவளுடைய வீட்டுக்குப் போனார். முந்தைய நாட்களிலும் கிளம்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வாய்க்கால் மதகு வரை போய்த் திரும்பிவிட்டார்.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே அந்தச் சிற்றூரில் பதினாறு வருடமாக அவர்தான் உபதேசியார். ஓடு போட்ட சின்ன ஜெபவீடு, முப்பது குடும்பங்கள். தலையில் கை வைத்து அவர் ஜெபித்தால் நோய் கேட்கும் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது. அது அவர் காதுக்கும் வந்திருந்தது. பிடித்தும் இருந்தது. அம்சமும் அவள் புருஷன் நல்லக்கண்ணுவும் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன், மகள் சுடர்விழிக்கு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த காய்ச்சல் அவர் ஜெபித்த மறுநாள் நின்றுபோனது. அதிலிருந்து அம்சம் மகளோடு சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தவறாமல் வந்தாள்.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, எட்டு மணி இருக்கும். பதினொரு வயதுப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு அம்சம் வந்தாள்.

"எந்திரிச்சதுலேருந்து வயித்து வலின்னு துடிக்கிறாய்யா. ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டா. ஜெபம் பண்ணுங்க."

எண்ணெய் பூசி ஜெபித்தார். கூடியிருந்த பெண்கள் சேர்ந்து ஜெபித்தார்கள். அரை மணி நேரத்தில் வலி குறைந்ததாகப் பெண் சொன்னாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஒன்பதரைக்கு அவள், "அம்மா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்றாள். வார்த்தை குழறியது. கண்ணிமைகள் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

"ஆண்டவர் தூங்கவைக்கிறாரு. புள்ளைய எழுப்பாதீங்க" என்றார் சபை மூப்பர் ஞானசிகாமணி.

பாக்கியநாதன் குனிந்து அந்தக் கண்களைப் பார்த்தார். இது தூக்கமில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவட்டுமாய்யா?" என்று அம்சம் கேட்டாள்.

இருபது பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விசுவாசமா இரும்மா" என்றார்.

பத்தரைக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காதுக்குப் பின்னால் கொசுக்கடி போல இரண்டு புள்ளிகள். கட்டுவிரியன். விடியுமுன் பாயில் படுத்திருந்தபோது கடித்திருக்க வேண்டும். எட்டு மணிக்கே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் நல்லக்கண்ணுவிடம் சொன்னதை, கதவோரம் நின்றிருந்த பாக்கியநாதனும் கேட்டார்.

மறுநாள் ஆராதனையில் மூப்பர், "கர்த்தருடைய சித்தம்" என்றார். சபை ஆமென் சொன்னது. பாக்கியநாதன் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

பத்தாம் நாள் அவர் போனபோது அம்சம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும்" என்றார். "அன்னிக்குப் புள்ளை கண்ணப் பாத்ததுமே இது வேற என்னமோன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தூக்கிட்டுப் போங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா என் ஜெபத்துல பவர் இல்லேன்னு நெனைப்பாங்கன்னு சும்மா இருந்துட்டேன். ஆண்டவர் சித்தம் இல்ல அது. நான் பண்ணுனது."

முறம் நின்றது.

"சபையில இருக்குற அத்தனை பேருக்கும் இது தெரியுமா?"

"தெரியாது."

"எங்கிட்ட மட்டும் வந்து சொல்றீங்க" என்றாள் அம்சம். "புள்ளைக்கு வயித்து வலின்னு தெரிஞ்சும் ஆஸ்பத்திரிக்குப் போகாத பாவின்னு என்னத்தான் ஊரே பேசுது. எம் புருஷன் எங்கூடப் பேசி பத்து நாளாச்சு."

அவர் மண்ணில் உட்கார்ந்தார். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுத்த ஞாயிறு, பிரசங்க நேரத்தில் பாக்கியநாதன் வேதாகமத்தைத் திறக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். அம்சம் கேட்டது, தான் தடுத்தது, எதற்காகத் தடுத்தது. "அந்தத் தாய் மேல ஒரு குத்தமும் இல்ல" என்று இரண்டு முறை சொன்னார். முன்வரிசையில் இருந்த அவர் மனைவி எப்சிபா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாதிப் பேர் எழுந்து வெளியே போனார்கள். சபையின் பெயரைக் கெடுத்துவிட்டதாக மூப்பர் மேலிடத்துக்கு எழுதினார். ஒரு மாதத்தில் வேலை போயிற்று. சபை கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்து ஊர்க்கோடியில் குடியேறினார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை வாய் தைக்கும் வேலை கிடைத்தது.

நல்லக்கண்ணு மனைவியிடம் மறுபடி பேச ஆரம்பித்தான் என்று எப்சிபா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். பாக்கியநாதனுக்கு மட்டும் ஜெபம் வரவில்லை. முழங்காலில் நிற்பார். பாதி திறந்த அந்த இமைகள் தெரியும். எழுந்துவிடுவார்.

தை மாதம் சம்பா அறுப்பில் மூப்பரின் மனைவி ரூத்தம்மாளைக் களத்து மேட்டில் பாம்பு விரலில் தீண்டியது. பாக்கியநாதன் விஷயம் தெரிந்து ஓடியபோது, ஞானசிகாமணி மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். இவரைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, எல்லாத்தையும் மறந்துட்டு ஒரு ஜெபம் பண்ணுங்கய்யா."

"தூக்குங்க மொதல்ல" என்றார் பாக்கியநாதன்.

அங்கே நின்ற மோட்டார் சைக்கிளை எடுத்தார். ரூத்தம்மாளை நடுவில் உட்காரவைத்து மூப்பர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். வழி முழுக்க மூப்பர் சத்தமாக ஜெபித்துக்கொண்டே வந்தார். பாக்கியநாதன் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ரூத்தம்மாள் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு விரலை இழந்து, பிழைத்து வந்தாள்.

மூப்பர் இதை அற்புதம் என்று சாட்சி சொன்னார். பாக்கியநாதனைத் திரும்ப எடுக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்லியனுப்பினார். வேண்டாம் என்று பாக்கியநாதன் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் கொள்முதல் நிலையத்துக்கு அம்சம் நெல்லோடு வந்தாள். அவளுடைய மூட்டைகளை அவர்தான் தைத்தார். கடைசி மூட்டை முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றவள் கேட்டாள்:

"எம் புள்ளைக்கு மட்டும் ஏன்யா ஓடல நீங்க?"

"ஓடியிருக்கணும், தங்கச்சி."

அவள் தலையாட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "அன்னிக்கு சபையில சொன்னீங்களாம்ல. அது நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தின் உமித்தூசியைத் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

பாக்கியநாதன் மூட்டைகளுக்கு நடுவில் தலைகுனிந்து நின்றார். "ஆண்டவரே" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு ஜெபமாக வாயில் வந்த முதல் வார்த்தை. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. லாரிக்காரர் அவசரப்படுத்தினார். பாக்கியநாதன் ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போனார்.