ஊமையன் கரட்டுக் கல்குவியல்

எங்கள் ஊருக்கு மேற்கே இருப்பதை மலை என்று சொன்னால் சேர்வராயன் மலை சிரிக்கும். வெறும் கரடு. பழைய சோறு குடித்துவிட்டு ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு இறங்கிவிடலாம். உச்சியில் ஒரு மொட்டைப் பாறை, நாலு உசிலை மரம். சரிவெல்லாம் கள்ளியும் கொழுக்கட்டைப் புல்லும். அந்தப் புல்லை நம்பித்தான் செல்லியம்மாள் முப்பது வெள்ளாடு வைத்திருந்தாள். ஊர் முறையில் எனக்கு அத்தை. நிலம் கிடையாது, புருஷனும் கிடையாது.

1930 ஆடியில் காட்டிலாகாக்காரர்கள் வந்தார்கள். கரட்டைச் சுற்றி நூறு கஜத்துக்கு ஒன்றாக, முழங்கால் உயரம் கல் குவித்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனார்கள்.

குவித்த கல்லைக் கண்டால் எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா தாண்டுவதில்லை. யாரோ சாமி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கல் எடுத்துப் போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். அத்தை தினமும் போட்டாள். சரிந்ததை அடுக்கினாள். செவ்வாய்தோறும் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். சித்திரைக்குள் குவியல்கள் இடுப்பளவு வளர்ந்துவிட்டன. பரீட்சைக்கு நானும் இரண்டு கல் போட்டேன், தேறவில்லை.

வைகாசியில் தண்டோரா போட்டார்கள். கரடு ரிசர்வ் காடு ஆகிறது, இனி ஆடு ஏறக் கூடாது, ஆட்சேபம் இருந்தால் விசாரணைக்கு வரலாம். நான் இங்கிலீஷில் இரண்டு பக்க மனு எழுதிக்கொண்டு அத்தையோடு போனேன்.

"அங்க என்ன கண்ணு சொல்லோணும்?"

"கேக்கறதுக்கு நெசத்தைச் சொல்லுங்க அத்தை" என்றேன். காலேஜில் தர்க்க சாஸ்திரம் படித்தவனின் ஆலோசனை.

அதிகாரி தமிழர்தான். அதனால் எல்லாம் அவருக்கு நன்றாகப் புரிந்தது.

"கரட்டைச் சுத்திக் கல் குவிச்சிருக்கே, பார்த்திருக்கியாம்மா?"

"பாக்காம என்னுங்க? தெனமும் பாக்கறனுங்க."

"யாராச்சும் கலைச்சாங்களா?"

"அதைப் போயி கலைப்பாங்களா? உழுந்ததை நாந்தான் எடுத்து வெச்சனுங்க." அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரு நாள் தவறலீங்க."

"எங்க ஃபாரஸ்ட் கார்டுகூட இப்படிப் பாத்துக்கலீங்க சார்" என்றார் பக்கத்தில் நின்ற ரேஞ்சர்.

அதிகாரி எழுதியதை வாசித்தார்: "மனுதாரர் எல்லையை அறிவார், ஏற்றுக்கொண்டு தாமே பராமரித்தும் வந்திருக்கிறார். உரிமை நிராகரிக்கப்படுகிறது."

"எல்லையா? சாமீன்னுதானுங்க கும்பிட்டேன்!"

டவாலிச் சேவகன் அடுத்த பெயரைக் கூப்பிட்டான். என் மனுவை யாரும் கேட்கவில்லை. நல்ல இங்கிலீஷ்.

மறுவாரம் ஆடுகளை எடப்பாடிச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். கரட்டடியில் ஒரு குவியலிலிருந்து கல் ஒன்று சரிந்து கிடந்தது. அத்தை அதைக் கையில் எடுத்தாள். எறியப்போகிறாள் என்று நினைத்தேன்; எறியட்டும் என்றும் நினைத்தேன்.

"ஒருவேளை சாமியா இருந்துபோச்சுன்னா?" என்று என்னைக் கேட்டாள்.

பிறகு பழைய இடத்திலேயே, ஆடாமல் பொருத்தி வைத்தாள்.