விட்டுப்போன முதல் நாள்

பதவி உயர்வு வேண்டி ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாளும் அண்ணாமலையை நடந்தே சுற்றுவதாகப் பரசுராமன் நேர்ந்துகொண்டிருந்தார். கடைசிச் சுற்று முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து, எக்செல்லில் கடைசித் தேதியிலிருந்து முதல் தேதியைக் கழித்தார். நாற்பத்தேழு என்று வந்தது. மறுபடி கழித்தார். அதே நாற்பத்தேழு.

"நாப்பத்தெட்டு நாள் கால் தேய நடந்துருக்கேன். இது ஒண்ணு கம்மியா காட்டுது," என்று மனைவி பொன்னியிடம் எரிந்து விழுந்தார்.

அவள் கீரை ஆய்ந்தபடியே கேட்டாள். "எந்த நாளை விட்டுச்சாம்?"

"இப்படிக் கழிச்சா முதல் நாள் சேராது. நாமதான் ஒண்ணு கூட்டிக்கணும்."

"முதல் நாளா? முட்டி வலிக்குதுன்னு பாதி வழியில, அடி அண்ணாமலையில இருந்து ஆட்டோல வந்தீங்களே, அது எப்படிங்க இதுக்குத் தெரிஞ்சது?"

ஒன்றைக் கூட்டப் போன விரலைப் பரசுராமன் மடக்கிக்கொண்டார்.