மயில் பார்க்கும் பக்கம்

அனுப்ரியா வீட்டு வேலியைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம். பேசிப் பேசித்தான் இவ்வளவும் வந்தது.

எங்கள் மகள் யாழினியைப் பெண் பார்க்கக் கொமரலிங்கத்திலிருந்து வந்தார்களே, அன்று கார் எங்கள் வாசலில் நிற்கவில்லை, பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா நாகஜோதி இறங்கியதும் இறங்காததுமாக அனுப்ரியா வீட்டு முன்வேலிப் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதானுங்களே பொண்ணு ஊடு? வேலியே இத்தன லட்சணமா இருக்குது, பொண்ணு எப்படி இருக்கும்!"

நான் என் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தேன். "இல்லீங்க, இந்த ஊடுங்க" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சம்பந்தம் கூடிவிட்டது, நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. ஆனால் அந்த அம்மாள் என் காபியைக் குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாக அந்த வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், திகுதிகுவென்று எரிந்தது.

அனுப்ரியா கெட்டவளாக இருந்தாலாவது பரவாயில்லை. சண்டை போட ஒரு காரணம் கிடைக்கும். மகராசி அதற்கும் இடம் வைக்கவில்லை. குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுப்பாள். அந்தக் கிண்ணம்கூட என் வீட்டுக் கிண்ணத்தைவிட நன்றாக இருக்கும். அவள் வீட்டுக்காரர் பனியனுக்கு லேபிள் அச்சடிக்கிறார். நாங்கள் பனியன் தைத்துக் கொடுக்கிறோம். முதுகு ஒடியத் தைப்பது நாங்கள், பெயர் ஒட்டுவது அவர்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நிச்சயம் எங்கள் முற்றத்தில்தான். அன்று சம்பந்தியம்மாவின் கண் என் வீட்டை விட்டு அப்படி இப்படி நகரக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அனுப்ரியாவுக்கு வேலி செய்த பெருமாநல்லூர் முகிலனையே கூப்பிட்டேன்.

அவன் குட்டியானை வண்டியில் வந்தான். மரக்கடைக்குப் போக வேண்டிய வேலையே இல்லை. மிஷினை மடக்கிப் பெட்டிக்குள் வைத்துக் கையோடு கொண்டுவந்துவிடுகிறான். சி.என்.சி. ரவுட்டராம். முற்றத்தில் இரண்டு முக்காலியைப் போட்டு, அதன்மேல் வேப்பம்பலகையை இறுக்கி, பலகைமேல் மிஷினை உட்கார வைத்தான். லேப்டாப்பில் என்ன படம் இருக்கிறதோ அதை அப்படியே அந்த மிஷின் மரத்தில் செதுக்கிவிடும்.

"அவ வேலியில வெறும் மாங்கா டிசைன்ல ஓட்டை. எனக்கு மயில் வேணும் தம்பி, தோகையை விரிச்சுக்கிட்டு நிக்கற மயில்" என்றேன்.

"அதுவும் ஓட்டையா வெட்டினா ரெண்டு பக்கமும் தெரியுமுங்க்கா."

"ஓட்டை வேண்டாம். அவ எங்க ஊட்டை எட்டிப் பாக்கறதுக்கா? பொடைச்சுக்கிட்டுத் தெரியோணும்."

முன்பக்கம் எங்களுக்கு ஏற்கெனவே சுவர் இருக்கிறது. இரண்டு முற்றத்துக்கும் நடுவே துருப்பிடித்த முள்கம்பிதான் கிடந்தது, எங்கள் இடத்தில். அதை எடுத்துவிட்டு அங்கே வேலி போடுவதென்று முடிவாயிற்று. முகிலன் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கேட்டான், "மயில் எந்தப் பக்கம் பாக்கோணுமுங்க?"

அந்த நேரம் பார்த்து அனுப்ரியா ஒரு சொம்பு மோரோடு வந்தாள். என் வீட்டு வேலைக்கு வந்தவனுக்கு அவள் மோர்! அவனும் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "இந்த மாதிரி மோர் எங்கயும் குடிச்சதில்லீங்க" என்கிறான். அவள் போனதும் நான் சொன்னேன், "அவ பக்கம் பாக்கட்டும். தெனமும் எந்திரிச்சுப் பல்லு வெளக்கறப்ப அதுதான் அவ கண்ணுல படோணும்."

"அப்ப உங்களுக்குப் பின்பக்கந்தானுங்க தெரியும்."

"தெரிஞ்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

மிஷின் ஓட ஆரம்பித்தது. சும்மா சொல்லக் கூடாது, வித்தைதான். மயில் உடம்பு ஒரு பலகையில், தோகை அடுத்தடுத்த பலகைகளில் என்று பிரித்துப் பிரித்துச் செதுக்கியது. முற்றமெல்லாம் மரத்தூளும் வேம்பின் கசப்பு வாசமும். பலகைகளை ஒன்று சேர்த்து நிறுத்தித் திருகாணியை எங்கள் பக்கத்திலிருந்து முறுக்கினான், மயில்மேல் திருகாணித் தலை தெரியக் கூடாதாம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் செந்தில்வேல் எங்கள் தையல் யூனிட்டிலிருந்து வந்தார். வேலியை மேலும் கீழும் பார்த்தார். குறுக்குச் சட்டமும் தூணும் திருகாணியும்தான் தெரிந்தன.

"மயில் எங்க புள்ள?"

"அக்கட்ட, அவ பக்கம் இருக்குது."

"அக்கட்டயா? துணியில எது நல்ல பக்கம், எது பின்பக்கம்னு தெனமும் பாத்துக் கொடுக்கறவ நீ. இப்படிப் பனியனை உள்பக்கம் வெளிய வெச்சுப் போட்ட மாதிரி பண்ணியிருக்கியே!" என்று சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்று அவருக்கு உப்புமாதான், அதுவும் ஆறின உப்புமா.

சிரித்தவர் போகட்டும், அடுத்து அனுப்ரியா ஓடி வந்தாள். வந்தவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க்கா, செலவும் பண்ணி, நல்ல பக்கத்தையும் எனக்கு விட்டுட்டீங்களே. கூடப் பொறந்தவளே செய்ய மாட்டாளுங்க." அவள் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தில் நான் தேடிய எரிச்சலில் ஒரு துளிகூட இல்லை. பளாரென்று அறையலாம்போல் இருந்தது, அவளை அல்ல, என்னையே.

அவள் அந்தப் பக்கம் போனதும் முகிலனுக்குப் போன் போட்டேன். "தம்பி, என் பக்கமும் ஒரு மயில் வெட்டிரு."

"பலகை தாங்காதுங்க்கா. ரெண்டு மயிலும் சேந்து ஓட்டையாயிரும். வேணும்னா கழட்டித் திருப்பி மாட்டிரலாம். ஆனா முதலிபாளையத்துல வேலை ஓடுதுங்க. நிச்சயம் முடிஞ்ச மறுநாத்தான் வர முடியும்."

வேறு வழியில்லை. நிச்சயத்தன்று யூனிட்டிலிருந்து வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து வேலியின் பின்பக்கம் முழுக்கத் திரைபோல் தொங்கவிட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தட்டு மாற்றிய பிறகு போட்டோ எடுப்பவன் துணிக்கு மேலே எட்டிப் பார்த்தான். "அய்யோ, இத்தன அழகான பேக்ரவுண்டை அக்கட்ட வெச்சுட்டு இங்க ஏனுங்க நிக்கறீங்க?"

அவ்வளவுதான். கூட்டமே எழுந்து அனுப்ரியா வீட்டு கேட் வழியாக அந்தப் பக்கம் போனது. என் மகளின் நிச்சயப் போட்டோ அவள் முற்றத்தில். நானும் போனேன், போகாமல் என்ன செய்வது? அப்போதுதான் அந்த மயிலை முழுசாகப் பார்த்தேன். வெயில் சாய்ந்து விழுந்ததில் ஒவ்வொரு தோகைக் கண்ணும் தனித்தனியாக நிழல் கட்டி நின்றது. என் மயிலைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது.

நாகஜோதி தோகையைத் தடவினார். "இது யாரு போட்டதுங்க?"

அனுப்ரியா முந்திக்கொண்டாள். "எல்லாம் ஜெயசுதாக்காதானுங்க. அவங்க இடம், அவங்க செலவு. தெனமும் நான் பாக்கோணும்னு மயிலை எம்பக்கம் திருப்பி வெச்சுட்டாங்க."

தெனமும் நான் பாக்கோணும்! முகிலன் சொல்லியிருப்பானோ என்று ஒரு கணம் பதறினேன். இல்லை, அவளாகத்தான் சொன்னாள், மனசாரச் சொன்னாள். சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதன்பிறகு அவர் கண் என்னை விட்டு நகரவே இல்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

"நல்ல பக்கத்த அடுத்த ஊட்டுக்குக் கொடுத்துட்டுப் பின்பக்கத்தப் பாத்துட்டு இருக்கறீங்களே. இந்த மனசு யாருக்குங்க வரும்? உங்க ஊட்டுப் பொண்ணு கெடைக்க நாங்க கொடுத்து வெச்சிருக்கோணும்" என்றவர், சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதையே சொன்னார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். செந்தில்வேல் மட்டும் கர்ச்சீப்பை வாயில் அழுத்திக்கொண்டு திரும்பி நின்றார், தோள் குலுங்கியது.

மறுநாள் காலையில் முகிலன் சொன்ன சொல் தவறாமல் வந்து நின்றான், திருகாணி கழற்றும் மிஷினோடு. துணியை விலக்கினான். "எல்லாத்தையும் கழட்டிரலாமுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வாய் நிறைய நுரையோடு, அனுப்ரியாவின் குரல் வந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்தாள். மயிலைப் பார்த்துக்கொண்டுதான்.

"ஏனுங்க்கா, முகிலன் வந்திருக்காப்ல இருக்குது?"

முகிலன் என் முகத்தைப் பார்த்தான். நான் திருகாணிகளைப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன். "திருகாணி லூசா இருக்குது. இறுக்கிட்டுப் போகச் சொன்னேன்."

"ஆமாங்க்கா, நல்லா இறுக்கச் சொல்லுங்க. மயில் ஆடிரப் போகுது!"

முகிலன் மிஷினை மறுபக்கம் சுற்றும்படி மாற்றினான். ஒவ்வொரு திருகாணியும் கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு இன்னும் உள்ளே போனது. நான் பக்கத்திலேயே நின்று, ஒன்று விடாமல் விரலை வைத்துக் காட்டினேன்.