வரைபடத்தில் இல்லாத சுவர்

"கையில என்ன தட்டுப்படுது, தம்பி?" என்று வயர்லெஸ்ஸில் அக்கா கேட்டபோது நான் மெத்தைக் கடையின் இரண்டாம் மாடியில் மண்டியிட்டிருந்தேன். முகத்துக்கு நேரே பிடித்தாலும் என் கை எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு புகை. பஞ்சும் ரப்பரும் எரியும் புகை கறுப்பாக, மாவு மாதிரி கனமாக இறங்கும்.

மேலே உறை தைக்கும் பெண் ஒருத்தி மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டுத்தான் நானும் தாடியும் ஏறினோம். முகமூடி முகத்தோடு ஒட்டாது என்பதால் எங்கள் தீயணைப்பு வேலையில் யாரும் தாடி வைக்க முடியாது. தினமும் மழமழவென்று சிரைத்துக்கொண்டு வருகிறவருக்குத்தான் நிலையத்தில் அந்தப் பேர். அவளைக் கண்டுபிடித்துவிட்டோம். தாடி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினார். பின்னால் போன எனக்கும் அவருக்கும் நடுவே கூரைப் பலகைகள் மொத்தமாகச் சரிந்தன. விலகி உருண்டதில் கையிலிருந்த தண்ணீர்க் குழாயையும் விட்டேன், திசையையும் விட்டேன்.

வழி தெரியவில்லை என்று சொன்னதும் அதிகாரி மற்ற எல்லோரையும் பேசாமலிருக்கச் சொல்லிவிட்டு லைனை நிலையத்தில் இருந்த அக்காவிடம் கொடுத்தார்.

அக்காவும் ஒருகாலத்தில் எங்களோடு வண்டியில் வந்தவர்தான். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு கனம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் படம் வரையும் மென்பொருள் ஒன்றைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். எங்கள் எல்லைக்குள் இருக்கிற பெரிய கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் நேரில் போய் அளந்து, மாடிமாடியாக வரைந்துவைத்திருக்கிறார். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், கேஸை எங்கே அடைக்கலாம், தெருவில் தண்ணீர் எங்கே கிடைக்கும், எல்லாம் அதில் இருக்கும். வண்டி கிளம்பும்போதே அந்தப் படம் எங்கள் கையில் இருக்கும் டேப்லெட்டுக்கு வந்துவிடும். "நேரா நிக்கத்தான் முடியல, கோடாவது நேரா போடுறேன்" என்று அவரே சிரிப்பார். இந்தக் கடையை அளந்த அன்று டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவனே நான்தான். ஆனால் புகைக்குள் அந்த ஞாபகமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

வழவழவென்று ஏதோ தட்டுப்படுகிறது, கை கழுவும் தொட்டி போலிருக்கிறது என்றேன். ஒன்றா இரண்டா என்று கேட்டார். தடவிப் பார்த்து இரண்டு என்றேன்.

"அப்ப நீ இருக்கிற இடம் எனக்குத் தெரியுது. வலது கையைச் சுவத்துல வை. எடுக்காம தவழ்ந்து வா. மொதல்ல ஒரு கதவு வரும். அதைத் தொறக்காத, அது சரக்கு லிஃப்ட். உள்ள தரை இல்ல. அடுத்த கதவு உன்னுது."

முதல் கதவு வந்தது. ஆசையாக இருந்தது, உண்மையைச் சொன்னால். கைப்பிடி கைக்கு வாகாக இருந்தது. காற்று தீரப்போகிறது என்று முதுகில் சிலிண்டர் விசில் அடிக்க ஆரம்பித்திருந்தது. கையை எடுத்துக்கொண்டு தாண்டினேன். அடுத்த கதவைத் திறந்து நடைபாதையில் தவழ்ந்தேன். அதன் கோடியில் வெளிப்பக்க இரும்புப் படி என்றார் அக்கா. கோடிக்கு முன்பே தலை இடித்தது. சுவர்.

சுவர் இருக்கிறது என்றேன். வயர்லெஸ்ஸில் அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது.

"என் படத்துல அங்க சுவர் கிடையாது" என்றார் பிறகு, நிதானமாக. "நாம வந்துட்டுப் போனப்புறம் அடைச்சிருக்காங்க. அப்படின்னா பலகையாத்தான் இருக்கும். ஒதைச்சுப் பாரு."

மல்லாந்து படுத்து இரண்டு காலாலும் உதைத்தேன். பொத்தென்று காலோடு உள்ளே போனது. அந்தப் பக்கம் பகல் வெளிச்சம்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்ட முதல் விஷயம் அக்காவின் வீடு எங்கே என்பதுதான். பொதுவாக அவள் என் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டால் தூக்கம் போய்விடும் என்பாள். பழம் வாங்கிக்கொண்டு போனோம். என்னென்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே போனதும் ஒன்றும் வரவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அக்காவின் வீட்டுக்காரர்தான் பாவம், பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"அது பலகைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அக்கா, அவளைப் பார்த்து. "தைரியமா சொல்லிட்டேன். சொல்லி முடிச்சுட்டு, தம்பி ஒதைக்கிற சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

தையல்காரப் பெண்ணுக்குச் சரியாகிவிட்டதா என்று என்னை விசாரித்தார். வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். பிறகு, அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தவர் போல, டேப்லெட்டை எடுத்து அந்த மாடியின் படத்தைத் திறந்தார். சுவர் சரியாக எந்த இடத்தில் வந்தது என்று காட்டச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அவர் அங்கே ஒரு கோடு போட்டார்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். நான் எங்கே இருந்தேன் என்று கேட்டாள். அக்கா இரண்டு சின்ன வட்டங்களைக் காட்டி, இந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் என்றார்.

அவள் அங்கே விரலை வைத்தாள். சுவரை ஒட்டியே மெதுவாக நகர்த்தினாள். திரையில் விரல் போன வழியெல்லாம் நீலமாக ஒரு கோணல் கோடு விழுந்துகொண்டே வந்தது. லிஃப்டைத் தாண்டினாள். நடைபாதைக்குள் திரும்பினாள். புதிதாகப் போட்ட கோட்டின் முன்னால் விரல் நின்றது. அக்காவின் வீட்டுக்காரர்கூடப் பழத்தட்டோடு குனிந்து பார்த்தார். அவள் ஒரு மூச்சு விட்டுவிட்டு, அந்தக் கோட்டைக் கடந்து, படியில் இறங்கி, படம் முடிந்து வெள்ளையாக இருந்த இடம் வரைக்கும் விரலைக் கொண்டுபோனாள்.