எடுக்கக் கூடாத கோப்பை

அந்தப் பழைய விடுதியின் மாடி அறையில், குளியல் தொட்டியில் நிரப்பிய வெந்நீர் எழுபத்திரண்டு வருடங்களாக ஆறவில்லை. பெயர்பெற்ற பாடகி ஒருத்தி அங்கே தங்கியிருந்தபோது, தொட்டி நிறைந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. "தொட்டித் தண்ணிய வெளிய விட்டுடாதீங்க, இதோ வந்துடறேன்" என்று போனவள் திரும்பவேயில்லை. தண்ணீர் அவளை நம்பிவிட்டது. ஒரு பேராசிரியர் வெப்பமானியோடு வந்து குடைந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்ததுதான் மிச்சம். அதன்பிறகு சூடாக இருக்கும் எதையும் அந்த அறையிலிருந்து எடுக்கக் கூடாது என்று விடுதியில் விதி ஏற்பட்டது. வாடகையும் இரட்டிப்பானது.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் மனைவி, கல்யாணமான புதிதில், பத்திரிகையில் வந்த அந்த அறையின் படத்தை வெட்டி பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தாள். ஒரே ஒரு நாள் அங்கே தங்கி, அந்தத் தண்ணீரில் கை நனைத்துப் பார்க்க வேண்டும்; அவ்வளவுதான் அவள் கேட்டது. "அடுத்த வருஷம் கண்டிப்பா போலாம்" என்பார் அவர். அதற்குள் எங்காவது ஒரு லிஃப்டில் யாராவது மாட்டிக்கொள்வார்கள். முன்பின் தெரியாதவர்களையெல்லாம் ஓடி ஓடி மீட்ட மனிதர், வீட்டிலிருந்தவளை முப்பத்தொரு வருடம் காக்கவைத்தார். அவள் இறந்த பிறகு பீரோவைத் திறக்கவே அவருக்குக் கூசியது.

ஓய்வு பெற்ற மறுவாரம் அந்த அறைக்குத் தனியாக வந்தார். தொட்டியில் கை வைக்க மனம் வரவில்லை. பழக்கதோஷத்தில் இரண்டு டீ சொல்லிவிட்டார். தன்னுடையதைக் குடித்துவிட்டு, எதிரே இருந்த கோப்பையைப் பார்த்தபடி இருட்டும்வரை அழுதார்.

காலையில் அறையைப் பெருக்க வந்த அம்மாளிடம், "அத எடுத்துடுங்கம்மா. அவ வரமாட்டா" என்றார்.

அந்த அம்மாள் கோப்பையைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். "கொதிக்குதே சார். சூடா இருக்கறத நாங்க எடுக்கறதில்ல."

இப்போது வருடா வருடம் வருகிறார். தொட்டியில் இன்னும் கை நனைக்கவில்லை; அவள்தான் முதலில் நனைக்க வேண்டுமாம். இரண்டு பேருக்கென்று அறையைப் பதிவு செய்துவிட்டு, டீ மட்டும் ஒன்றே ஒன்று சொல்கிறார்.

"அவளோடது மேல இருக்கு" என்கிறார். விடுதிக்காரர் தலையாட்டிவிட்டுச் சாவியைக் கொடுக்கிறார்.