முப்பத்தோராம் பரல்

தோர்ண்டன் ஹீத்தில், மீன் கடைக்குப் பின்னால் இருந்தது எட்வேட்டின் கம்பனி. கடல் கடந்த இராணுவ முகாம்களில் சேரும் நச்சுக் கழிவை அகற்றுவது தொழில். அரசாங்கம் அந்த வேலையை ஒரு பெரிய கம்பனிக்குக் கொடுத்தது. அது கை கழுவிக்கொண்டு அடுத்த கம்பனிக்குக் கொடுத்தது. இப்படியே கை கழுவிக் கழுவி வந்த வரிசையின் ஐந்தாவது இடத்தில் எட்வேட் நின்றார். அவருக்குக் கீழே கொடுப்பதற்கு ஆள் இல்லாததால், கழிவு அவருடைய முற்றத்திலேயே தங்கிவிட்டது.

எட்வேட்டிடம் இருந்த அனுமதி ஆபத்தில்லாத கழிவுக்கு மட்டும். வந்த பீப்பாய்களுக்கு, முற்றத்து மொழியில் பரல்களுக்கு, அது தெரியாது. இந்தச் சிறு பொருத்தமின்மையைச் சரிசெய்வதற்கு மரினா என்ற கிளார்க் இருந்தாள். முகாமிலிருந்து வரும் பட்டியலில் எது இருந்தாலும் அவள் அதைத் 'தரை கழுவிய தண்ணீர்' என்று புதிதாக டைப் அடித்து, கீழே கையெழுத்து வைப்பாள். மூலப் பட்டியல் எட்வேட்டின் இரும்பு அலுமாரிக்குள் போய்விடும்.

வியாழன் பின்னேரம் மரினாவின் கணவன் கிளின்ரன், அதே முற்றத்தில் வேலை செய்பவன், முப்பத்தோராம் பரலைத் திறந்தான். தரை கழுவிய தண்ணீர் என்று சொந்த மனைவியே எழுதியிருந்ததால் கையுறை போடவில்லை. உள்ளிருந்தது கையில் தெறித்தது. எட்வேட் ஓடிவந்து, பாரிசில் இருந்த காலத்தில் லூர்துக்குப் போய்க் கொண்டுவந்த தீர்த்தத்தை அந்தக் கையில் ஊற்றினார். வைத்திய முறைப்படி பார்த்தால், கம்பனி அன்று செய்த ஒரே சரியான காரியம் அதுதான். போத்தல்தான் சின்னது.

வெள்ளி காலை கிளின்ரனின் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. நோவு எலும்புக்குள்ளிருந்து வந்தது. ஆஸ்பத்திரியில் மோர்பின் ஏற்றியும் கத்தினான். இதயத் துடிப்பும் தடம் மாறத் தொடங்கியது. பரலில் இருந்தது என்ன என்று கேட்ட டொக்டர், அது தெரிந்தால்தான் சரியான மருந்தைத் தொடங்கலாம், அதிக நேரமில்லை என்றார். மரினாவுக்குத் தெரியவில்லை. அவள் அடிப்பாள், வாசிப்பதில்லை.

பதினொரு மணிக்கு அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, எட்வேட் அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணை, முப்பத்தொண்டுக்குள்ள என்ன கிடந்தது?"

"இரும் பிள்ளை. தேத்தண்ணி குடிச்சனீரோ?"

"பட்டியலைத் தாங்கோ."

"அது வெளியில போனால் லைசென்ஸ் போயிடும். பிளீச் எண்டு சொல்லும். பிளீச்சுக்கு அவங்களிட்ட நல்ல மருந்து இருக்கு."

"பிளீச்சுக்கு எலும்பு நோகாது."

"கிளின்ரன் சும்மாவே கத்துற ஆள். கலியாணத்தண்டு மோதிரம் இறுகினதுக்கும் கத்தினவன்."

மரினா மேசையிலிருந்த, தாளில் ஓட்டை போடும் இரும்புக் கருவியை எடுத்து அவருடைய காதில் அடித்தாள். ஒரே தடவையில் முப்பது தாள்களைத் துளைக்கும் என்று அதன் பெட்டியில் போட்டிருந்தது. ஒரு காதுக்கு அது அதிகம். கொலர் சிவந்தது.

எட்வேட் அவளுடைய தலைமயிரைப் பிடித்து முகத்தை அலுமாரிக் கதவில் மோதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் காணிக்கைத் தட்டுத் தூக்கும் கை. பிடி உறுதியாக இருந்தது. இரண்டாம் மோதலில் கதவு நெளிந்தது, திறக்கவில்லை. அவளுடைய முன்பல் ஒன்று உடைந்தது. அதை அவருடைய சேட்டில் துப்பிவிட்டு, அவருடைய பெருவிரலை எலும்பு தட்டும்வரை கடித்தாள்.

"யாக்கோப்பு, ஓடிவா."

பாரந்தூக்கி வண்டி ஓட்டும் யாக்கோப்பு முற்றத்திலிருந்து வந்தான். மன்னார்க்காரன், கதவளவு அகலம். அவளுடைய கைகளைப் பின்னால் முறுக்கினான். தோள்மூட்டில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது.

"குறை நினைக்காதையும் தங்கச்சி. வேலை எண்டால் வேலைதான்."

எட்வேட் அவளுடைய வயிற்றில் உதைத்தார். மூச்சு திரும்பி வந்ததும் அவள் சொன்னாள்:

"யாக்கோப்பண்ணை, என்ர மனுசனுக்கு நகத்துக்குக் கீழதான் முதல் வெளுத்தது."

யாக்கோப்பு தன் ஒரு கையை மட்டும் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இரண்டு விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"அண்ணை, நேற்று முப்பத்திரண்டை உருட்டச் சொன்னது நீங்கள்தானே?"

"அது குளிருக்கு யாக்கோப்பு. கிறீம் பூசு."

யாக்கோப்பு அவளை விட்டுவிட்டு, தன் நெற்றியால் எட்வேட்டின் மூக்கில் முட்டினான். எட்வேட் மேசையில் விழுந்து, மேசையோடு தரையில் விழுந்தார். யாக்கோப்பு சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றி அலுமாரிப் பூட்டில் இரண்டு தடவை அடித்தான். மூன்றாவது அடிக்கு முன் எட்வேட் ஊர்ந்து வந்து பூட்டைக் கையால் பொத்தினார். யாக்கோப்பு அடியை நிறுத்தவில்லை. பூட்டும் உடைந்தது.

மரினா இடது கையால் பட்டியலை இழுத்தெடுத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்தாள். உடைந்த பல்லோடு 'ஹைட்ரோபுளோரிக் அமிலம்' என்று சொல்வது சிரமமாக இருந்ததால், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். தாளில் இரத்தம் சொட்டியது. துடைத்துத் துடைத்து வாசித்தாள். நேர்ஸ் யாரிடமோ கல்சியம் மருந்து ஏற்றச் சொல்லிக் கத்தினாள். பிறகு, கிளின்ரனோடு வந்த தாளில் தரை கழுவிய தண்ணீர் என்று இருக்கிறதே, அதை யார் எழுதியது என்று கேட்டாள்.

"போனை வையும் பிள்ளை," என்றார் தரையிலிருந்து எட்வேட். "அதில கிடக்கிறது உம்மட கையெழுத்து."

மரினா தன் முழுப் பெயரையும் விலாசத்தையும் சொன்னாள். நேர்ஸ் எழுதிக்கொண்டாள். போனில் அவளுக்குப் பின்னால் கிளின்ரனின் கத்தல் கேட்டுக்கொண்டே இருந்தது. மருந்து ஏறத் தொடங்கிவிட்டது, கத்துகிறவரை நல்லது என்றாள் நேர்ஸ்.

யாக்கோப்பு எட்வேட்டின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தான்.

"முப்பத்திரண்டையும் வாசியும் தங்கச்சி."

அதே அமிலம். உடனே வரச் சொன்னாள் நேர்ஸ். யாக்கோப்பு எழும்பவில்லை.

முழங்காலுக்குக் கீழிருந்து, மூக்கு இரத்தத்தை விழுங்கிக்கொண்டு, எட்வேட் மெதுவாகக் கேட்டார்:

"நாப்பத்திநாலையும் ஒருக்காப் பாருமன் பிள்ளை. இண்டைக்கு விடிய அதில நான் கை வைச்சனான்."

"வரிசையாத்தான் வாசிப்பன் அண்ணை," என்ற மரினா, முப்பத்து மூன்றில் விரலை வைத்தாள்.